ஈஸா (அலை) குறித்து கிறிஸ்தவர்கள் நம்புவது என்ன? இறைவல்லமையும் மனிதத் தன்மையும்: ஒரு விளக்கம்

ராஜபாளையத்தில் மக்ரிபுக்குப் பின் நடக்கும் மக்தப் வகுப்பு முடிந்து பிள்ளைகள் கலைந்து கொண்டிருந்தார்கள். பதினோராம் வகுப்புப் படிக்கும் ஒரு மாணவர் மட்டும் தயங்கி நின்றார்.

"ஹஜ்ரத், ஒண்ணு கேக்கணும்."

"கேளுப்பா."

"என் கூடப் படிக்கிற பையன் ஒருத்தன் கிறிஸ்டியன். 'ஈஸா நபி படகுல தூங்குனாங்கன்னு உங்க பைபிள்லயே இருக்கே, தூங்குறவரு எப்படிடா கடவுளா இருக்க முடியும்'னு கேட்டேன். அதுக்கு அவன், 'மனுஷனாத் தூங்குனாரு, கடவுளா எந்திரிச்சுப் புயலை அடக்குனாரு'ன்னு சொல்லிட்டான். அதுக்கு மேல என்ன பேசுறதுன்னு தெரியல."

அந்த மாணவரின் திகைப்பு நமக்குப் புதிதல்ல. மதரஸாவில் ஸனது பெற்று வந்த புதிதில், ஒரு ஜும்ஆ பயானில் கிறிஸ்தவர்களின் நம்பிக்கையைப் பற்றி நாமும் இதே பாணியில் பேசினோம். மூன்று கடவுள்கள் என்றோம். கடவுள் ஒரு பெண்ணை மணந்து பிள்ளை பெற்றதாக அவர்கள் நம்புகிறார்கள் என்றோம். பேச்சு ஒலிபெருக்கியில் தெருவெல்லாம் கேட்டது. மறுநாள் கடைவீதியில், ஓய்வுபெற்ற கிறிஸ்தவ ஆசிரியர் ஒருவர் நம்மை நிறுத்தினார். கோபமில்லாமல் சொன்னார்: "தம்பி, எங்க நம்பிக்கைய நீங்க மறுக்கலாம், அது உங்க உரிமை. ஆனா நாங்க சொல்லாதத சொன்னதா மட்டும் சொல்லாதீங்க."

அன்று நமக்கு முகம் சுருங்கிப் போனது. பிறகுதான் அவர்களுடைய நூல்களை உட்கார்ந்து வாசித்தோம். அந்த வாசிப்பின் சாரத்தை நம் குடும்பங்களுக்காக இங்கே தொகுத்துத் தருகிறோம். மறுக்க வேண்டியதை மறுப்பதற்கும் முதலில் அது என்னவென்று சரியாகத் தெரிந்திருக்க வேண்டும்.

நம் பகுதியின் கிறிஸ்தவர்கள்

ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் பழைய திருநெல்வேலி மாவட்டத்தின் வடபகுதி. 1910-இல் ராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது அதில் சேர்ந்தன. 1985 முதல் விருதுநகர் மாவட்டத்தில் இருக்கின்றன. 1606-இல் ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்த பின் ஏசு சபைப் பாதிரியார்கள் வழியாகக் கத்தோலிக்க மதம் இந்தப் பக்கம் பரவியது. புரொட்டஸ்டண்ட் பிரிவு சர்ச் மிஷனரி சொசைட்டி வழியாக வந்தது. கேம்பிரிட்ஜில் படித்த தாமஸ் ராக்லண்ட் 1854-இல் இரண்டு தோழர்களுடன் வட திருநெல்வேலிக்கு வந்து, கூடாரமடித்து ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்தார். 1858-இல் சிவகாசியில் இறந்தார். அந்தச் சபைகள் 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ. ஆயின. பெந்தெகொஸ்தே சபைகள் இவற்றுக்குப் பின் வந்தவை.

வழிபாட்டு முறையில் இவர்களுக்குள் நிறைய வேறுபாடு உண்டு. கத்தோலிக்கர் மாதா சுரூபம் வைப்பார்கள். பெந்தெகொஸ்தேயினர் அதை ஏற்பதில்லை. ஆனால் "இயேசு யார்?" என்ற கேள்விக்குக் கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., பெரும்பாலான பெந்தெகொஸ்தே சபையினர் ஆகிய எல்லாரும் ஒரே பதிலைத்தான் தருகிறார்கள். அந்தப் பதில் 1500 ஆண்டுகளுக்கு முன்பே எழுத்தில் வந்துவிட்டது.

நான்கு சபைகள், ஒரு சூத்திரம்

ஈஸா (அலை) அவர்கள் உயர்த்தப்பட்டு முந்நூறு ஆண்டுகள் ஆகியும், அவர்கள் யார் என்பதில் கிறிஸ்தவர்களிடையே கடுமையான சண்டை இருந்தது. எகிப்தின் அலெக்சாந்திரியாவில் ஆரியஸ் என்ற மதகுரு, "மகன் என்பவர் மற்ற எல்லாப் படைப்புகளுக்கும் முன் படைக்கப்பட்டவர், ஆனாலும் படைப்புதான்" என்று போதித்தார். இதைத் தீர்க்க ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் 325-இல் நிசேயாவில் ஆயர்களைக் கூட்டினார். இன்று துருக்கியில் இஸ்னிக் என்று பெயர் கொண்ட ஊர் அது. ஆரியஸின் கருத்து தள்ளப்பட்டது. மகன் படைக்கப்பட்டவரல்லர், தந்தையின் அதே உள்ளியல்பு கொண்டவர் என்று முடிவானது. 2025-ஆம் ஆண்டு உலகெங்கும் கிறிஸ்தவர்கள் நினைவுகூர்ந்தது இந்தச் சபையின் 1700-ஆம் ஆண்டைத்தான்.

அடுத்து எதிர்த்திசையில் ஒரு சிக்கல் வந்தது. அப்போலினாரிஸ் என்ற ஆயர், இயேசுவின் உடல் மனித உடல்தான், ஆனால் உள்ளே மனித அறிவுக்குப் பதில் இறைவார்த்தையே இருந்தது என்றார். அப்படியானால் அவர் முழு மனிதரல்லர் என்று 381-இல் கான்ஸ்டாண்டிநோபிள் சபை அதை மறுத்தது. பிறகு அந்நகரின் தலைமை ஆயர் நெஸ்டோரியஸ், மர்யம் (அலை) அவர்களை "கடவுளைப் பெற்றவள்" என்று அழைக்கக் கூடாது, "கிறிஸ்துவைப் பெற்றவள்" என்றே அழைக்க வேண்டும் என்றார். இது இயேசுவை இரண்டு ஆட்களாகப் பிரிப்பதாகும் என்று 431-இல் எபேசு சபை அவரை நீக்கியது.

கடைசியாக 451-இல் சால்சிதோன் சபை கூடியது. இன்றைய இஸ்தான்புல் நகரின் கடிகோய் பகுதி அது. அங்கே எழுதப்பட்டதுதான் நம் ஊர்க் கிறிஸ்தவ மாணவரின் வாயில் வந்த பதிலின் மூலம். அதன் சாரம்: இயேசு ஒரே ஆள், அவருக்குத் தன்மைகள் இரண்டு. ஒன்று முழு இறைத்தன்மை, மற்றது முழு மனிதத் தன்மை. இரண்டும் ஒன்றோடொன்று கலக்கவில்லை, ஒன்று மற்றொன்றாக மாறவில்லை, அவை பிளவுபடவுமில்லை, பிரிக்கப்படவுமில்லை.

இதோடும் விவாதம் ஓயவில்லை. அவருக்கு விருப்பம் ஒன்றா இரண்டா என்ற கேள்வி எழுந்தது. இறை விருப்பம், மனித விருப்பம் என இரண்டும் உண்டு என்று 680-81-இல் மற்றொரு சபை முடிவு செய்தது. ஹிஜ்ரி 61-இல், முஹர்ரம் பத்தாம் நாள் கர்பலா நடந்து ஒரு மாதம் ஆவதற்குள் அந்தச் சபை கூடியது என்பதை எண்ணிப் பாருங்கள். இஸ்லாம் தோன்றி, நபி (ஸல்) அவர்களின் பேரர் ஷஹீதான காலம் வரை அவர்கள் இந்த ஒரு கேள்வியைப் பேசித் தீர்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யார்?" – "எதனால்?"

இந்தச் சூத்திரத்தை எளிதாகப் புரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. இயேசுவின் ஒவ்வொரு செயலைப் பற்றியும் கிறிஸ்தவர்கள் இரண்டு கேள்விகளைப் பிரித்துக் கேட்கிறார்கள். செய்தவர் யார்? எந்தத் தன்மையினால் செய்தார்?

படகுச் சம்பவம் மாற்கு 4:35-41-இல் வருகிறது. அலையடித்துத் தண்ணீர் படகில் நிறைகிறது. இயேசு பின்புறம் தலையணை வைத்துத் தூங்குகிறார். சீடர்கள் எழுப்புகிறார்கள். அவர் காற்றையும் கடலையும் அதட்ட, அமைதியாகிறது. தூங்கியவர் யார்? இயேசு. எதனால்? மனிதத் தன்மையினால். புயலை அடக்கியவர் யார்? அதே இயேசு. எதனால்? இறைத்தன்மையினால். இப்படித்தான் அவர்கள் விளக்குகிறார்கள்.

வேறு இடங்களுக்கும் இதுவே முறை. லாசருவின் கல்லறை முன் அழுதது மனிதத் தன்மை. அவரை உயிர்ப்பித்தது இறைத்தன்மை (யோவான் 11). உலக முடிவு நாளைத் தந்தை மட்டுமே அறிவார், மகனும் அறியார் என்று மாற்கு 13:32-இல் வருகிறது. மனித அறிவின்படி அறியவில்லை என்று பெரும்பாலோர் விளக்கம் தருகிறார்கள். கெத்செமனே தோட்டத்தில் முகங்குப்புற விழுந்து, தம் விருப்பப்படி அல்ல, தந்தையின் விருப்பப்படியே ஆகட்டும் என்று வேண்டியது (மத்தேயு 26:39) மனித விருப்பம் இறை விருப்பத்துக்குப் பணிந்தது என்பார்கள். சிலுவையில் இறந்ததும் மனிதத் தன்மையில்தான் என்பது அவர்கள் நம்பிக்கை. இறைத்தன்மை அழிந்தது என்று அவர்கள் சொல்வதில்லை. (சிலுவை நிகழ்வையே 4:157 வசனத்தின்படி நாம் ஏற்பதில்லை என்பது தனி விஷயம்.)

அப்படியானால் இறைவல்லமை முழுவதும் அவரிடம் எப்போதும் இருந்ததா? இங்கே அவர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. பவுல் எழுதிய பிலிப்பியர் 2:6-8 வசனங்கள், இறைவடிவில் இருந்தவர் தம்மையே வெறுமையாக்கி அடிமையின் வடிவம் எடுத்தார் என்கின்றன. வல்லமையும் எல்லாம் அறியும் ஞானமும் அவரிடம் குறையாமல் இருந்தன, வெளிக்காட்டாமல் மறைத்துக்கொண்டார் என்பது பழைய விளக்கம். 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் தோமாசியுஸ் போன்றவர்கள், சில இறைப்பண்புகளை உண்மையிலேயே ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் மனிதரானார் என்றார்கள். அப்படி ஒதுக்கினால் அவர் கடவுளாக நீடிப்பது எப்படி என்று அவர்களிலேயே பலர் இதை எதிர்த்தார்கள்.

மலைக்கு அப்பால் இரண்டு பிரிவுகள்

மதரஸாவில் தஃப்ஸீரும் அகீதாவும் ஓதியவர்களுக்கு மூன்று பெயர்கள் நினைவிருக்கும்: மல்கானிய்யா, நஸ்தூரிய்யா, யஃகூபிய்யா. ஷஹ்ரஸ்தானியின் "அல்மிலல் வந்நிஹல்" நூலிலும் இப்னு கஸீரின் விரிவுரையிலும் கிறிஸ்தவர்களின் பெரும் பிரிவுகளாக இவை வருகின்றன. ஓதும் காலத்தில் இவை எங்கோ ஷாம் நாட்டில் மறைந்து போன கூட்டங்கள் என்றுதான் நினைத்திருந்தோம். மூன்றும் நமக்கு ஒரு நாள் பயணத் தொலைவில் இருக்கின்றன.

மல்கானிய்யா என்பது சால்சிதோன் முடிவை ஏற்றவர்கள். நம் ஊர்க் கத்தோலிக்கரும் சி.எஸ்.ஐ.யினரும் நம்பிக்கையளவில் இந்த வழியில்தான் வருகிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகச் செல்லும் கொல்லம் – திருமங்கலம் நெடுஞ்சாலையில் மேற்கே போய், செங்கோட்டை கடந்து மலையிறங்கினால் ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாய சிரியன் சபைகளின் தேவாலயங்களைப் பார்க்கலாம். மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையின் தலைமையகம் கோட்டயத்தில் இருக்கிறது. இவர்கள் சால்சிதோன் முடிவை ஏற்காதவர்கள். இறைத்தன்மையும் மனிதத் தன்மையும் இணைந்தபின் அதை ஒன்றுபட்ட ஒரே தன்மை என்றே சொல்ல வேண்டும் என்பவர்கள். நம் கிதாபுகளின் யஃகூபிய்யா இவர்களே. திருச்சூரில் கல்தேய சிரியன் சபை இருக்கிறது. அது கிழக்கத்திய சபையின் கிளை. நம் நூல்கள் நஸ்தூரிய்யா என்று குறிப்பிடுவது இவர்களை.

1994 நவம்பரில் போப் இரண்டாம் ஜான் பால், கிழக்கத்திய சபையின் தலைவர் நான்காம் மார் தின்கா ஆகிய இருவரும் இயேசுவைப் பற்றிய தங்கள் நம்பிக்கை அடிப்படையில் ஒன்றே என்று கூட்டறிக்கை வெளியிட்டார்கள். 431-இல் தொடங்கிய பிரிவுக்கு 1563 ஆண்டுகள் கழித்து வந்த விளக்கம் அது.

இவர்கள் எல்லாரிடமிருந்தும் வேறுபட்டவர்களும் உண்டு. வீடு வீடாக வந்து "காவற்கோபுரம்" இதழைத் தரும் யெகோவாவின் சாட்சிகள், திரித்துவத்தை ஏற்பதில்லை. இயேசு கடவுளால் படைக்கப்பட்டவர் என்பார்கள். ஆரியஸின் கருத்துக்கு நெருக்கமான நிலை இது. தேசிய கீதம் பாட மறுத்ததால் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட கேரளப் பிள்ளைகளுக்காக 1986-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த புகழ்பெற்ற வழக்கு இவர்களுடையது. பெந்தெகொஸ்தேயினரிலும் "இயேசு மட்டும்" என்ற ஒரு பிரிவினர், தந்தையும் மகனும் வெவ்வேறு ஆட்கள் அல்லர், ஒரே கடவுளின் வெளிப்பாடுகள் என்பார்கள். ஆகவே வாசலில் வந்து பேசுபவர் எந்தச் சபை என்று தெரியாமல் பதில் சொல்லத் தொடங்கினால், பதில் வேறு எங்கோ போய் விழும்.

அவதாரமா?

ஆண்டாள் பிறந்த ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழும் நம் மக்களுக்கு "அவதாரம்" என்ற சொல் நன்கு பழகியது. ஆண்டாளைப் பூமாதேவியின் அவதாரம் என்று வைணவர்கள் போற்றுகிறார்கள். கிறிஸ்தவர்கள் சொல்வதும் அதுதானே என்று நம்மில் பலர் எடுத்துக்கொள்கிறோம். இரண்டும் ஒன்றல்ல. அவதாரங்கள் பல, யுகம்தோறும் நிகழ்பவை, காரியம் முடிந்ததும் நிறைவடைபவை. கிறிஸ்தவர்கள் சொல்லும் மனிதராதல் ஒரே ஒரு முறை நடந்தது; தோற்றமன்று, உண்மையான தசையும் இரத்தமும்; எடுத்த மனிதத் தன்மையை இன்றும் அவர் விட்டுவிடவில்லை.

தமிழ்க் கிறிஸ்தவ அறிஞர்கள் இதில் நிறைய உழைத்திருக்கிறார்கள். சென்னை மேயராகவும் தொழிற்சங்கத் தலைவராகவும் இருந்த வழக்கறிஞர் வி. சக்கரை, இயேசுவை அவதாரம் என்றே அழைத்து ஆங்கிலத்தில் நூல் எழுதினார். ஆனால் மற்ற அவதாரங்கள் தற்காலிகம், இது நிலையானது என்று வேறுபடுத்தினார். பாளையங்கோட்டையில் 1891-இல் பிறந்து பின்னாளில் கோயம்புத்தூர் பேராயரான ஏ.ஜே. அப்பாசாமி, இராமானுசரின் உடல் – உயிர் உவமையைக் கொண்டு இதை விளக்க முயன்றார். அவர் தம் தொடக்கக் கால ஆய்வில், தாமும் தந்தையும் ஒன்று என்று இயேசு கூறியதாக வரும் யோவான் 10:30 வசனத்தை, உள்ளியல்பின் ஒருமை என்று கொள்ளாமல் அன்பாலும் விருப்பத்தாலும் அமைந்த ஒருமை என்று விளக்கினார். இது நிசேயாவுக்கு ஒத்துவராது என்று அவரது மதத்தினரே விமர்சித்தார்கள்; பிற்காலத்தில் அவர் மரபான நிலைக்கு நெருங்கி வந்தார். ஒரு தமிழ்ப் பேராயரையே இடற வைத்த கேள்வி இது என்றால், பள்ளி மாணவர்கள் மதிய இடைவேளையில் ஒற்றை வாக்கியத்தில் முடித்துவிட முடியாது என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

திருக்குர்ஆன் காட்டும் ஈஸா (அலை)

இனி நம் பக்கம். ஈஸா (அலை) அவர்களின் அற்புதங்களை நாம் மறுப்பதில்லை. தந்தையின்றிப் பிறந்தது, தொட்டிலில் பேசியது, பிறவிக் குருடரையும் தொழுநோயாளியையும் குணமாக்கியது, இறந்தோரை எழுப்பியது ஆகியவற்றைத் திருக்குர்ஆன் உறுதிப்படுத்துகிறது (3:45-49, 5:110). நான்கு சுவிசேஷங்களிலும் இல்லாத களிமண் பறவை அற்புதமும் அதில் வருகிறது. ஆனால் ஒவ்வோர் அற்புதத்தோடும் "அல்லாஹ்வின் அனுமதியால்" என்ற நிபந்தனை சேர்ந்தே வருகிறது. வல்லமை ஈஸாவுடையது அன்று. ஈஸாவின் கையில் வெளிப்பட்ட அல்லாஹ்வின் வல்லமை அது. மூஸா (அலை) அவர்களின் கைத்தடி கடலைப் பிளந்ததும் அப்படித்தான்.

பைபிளிலும் இந்தக் குரல் கேட்கிறது. எலியாவும் எலிசாவும் இறந்த பிள்ளைகளை எழுப்பியதாகப் பழைய ஏற்பாடு சொல்கிறது (1 இராஜாக்கள் 17, 2 இராஜாக்கள் 4). இயேசுவைப் பற்றிப் பேதுரு பேசும்போது, கடவுள் அவரைக் கொண்டு அற்புதங்களைச் செய்து உறுதிப்படுத்திய மனிதர் என்கிறார் (அப்போஸ்தலர் 2:22). கிறிஸ்தவர்கள் இதற்கும் பதில் வைத்திருக்கிறார்கள்: எலியா வேண்டிக்கொண்டு செய்தார், இயேசு கட்டளையிட்டுச் செய்தார் என்பார்கள். லாசருவை எழுப்பும் முன் இயேசுவும் தந்தையை நோக்கி நன்றி கூறினார் என்பதை (யோவான் 11:41-42) நாம் சுட்டலாம்.

திருக்குர்ஆன் அவர்களை அல்லாஹ்வின் "கலிமா" என்றும் அவனிடமிருந்து வந்த "ரூஹ்" என்றும் அழைப்பதை (4:171) கிறிஸ்தவ நண்பர்கள் எடுத்துக் காட்டுவதுண்டு. அதே வசனம் மூன்று என்று சொல்வதை விட்டு விலகுங்கள் என்றும் கூறுகிறது. "ஆகு" என்ற சொல்லால் தந்தையின்றி உண்டானதால் கலிமா. ஆதம் (அலை) அவர்களின் உவமை 3:59-இல் இதை விளக்குகிறது. தந்தையும் தாயும் இன்றிப் பிறந்த ஆதமை யாரும் கடவுள் என்பதில்லை. தொட்டிலில் அவர்கள் பேசிய முதல் பேச்சே தாம் அல்லாஹ்வின் அடிமை என்பதுதான் (19:30).

"கடவுளால் முடியாததா?"

இந்த உரையாடலில் கடைசியில் வருகிற கேள்வி இது: "அல்லாஹ் எல்லாம் வல்லவன் என்கிறீர்கள். அவனால் மனிதனாக முடியாதா? முடியாது என்றால் அவன் வல்லமைக்கு எல்லை வைக்கிறீர்களே!"

இதற்கு நம் அகீதா நூல்கள் தெளிவான விடை தருகின்றன. குத்ரத் எனும் இறைவல்லமை, அறிவுக்குச் சாத்தியமான முும்கினாத்துடன்தான் தொடர்புடையது. தனக்குள்ளேயே முரண்படும் முஹாலுடன் அல்ல. அல்லாஹ் தன்னைப் போல் இன்னோர் அல்லாஹ்வைப் படைப்பானா என்று கேட்டால், படைக்கப்பட்டது அல்லாஹ்வாக இருக்க முடியாது. கேள்வியே வெற்றுச் சொல். அதை "இயலாமை" என்று சொல்வதில்லை. கடவுள் பொய் சொல்ல மாட்டார், கடவுள் இல்லாமல் போக மாட்டார் என்று கிறிஸ்தவர்களும் நம்புகிறார்கள். அதை அவர்கள் கடவுளின் பலவீனம் என்பதில்லை. ஆக, வல்லமையைக் காட்டி மட்டும் இந்த வழக்கை இருதரப்பும் வெல்ல முடியாது.

கற்றறிந்த கிறிஸ்தவர் இங்கே சொல்வார்: "கடவுள் கடவுளாக இருப்பதை விட்டுவிடவில்லை. இறைத்தன்மை அப்படியே இருக்க, மனிதத் தன்மையையும் சேர்த்துக்கொண்டார். முரண்பாடு எங்கே?"

உண்மையான வேறுபாடு இந்த இடத்தில்தான் இருக்கிறது. மாணவர் கேட்ட தூக்கத்தின் வேர் இதற்குள் இருக்கிறது.

சூரா இக்லாஸில் வரும் "அஸ்ஸமத்" என்ற திருநாமத்தை நம் பிள்ளைகள் தினமும் ஓதுகிறார்கள். எந்தத் தேவையும் அற்றவன், எல்லாரும் தேவைக்காக நாடுபவன் என்று பொருள். தேவையற்றிருப்பது அல்லாஹ்வின் மீது போர்த்திய மேலாடை போன்றதன்று. அது அவன் உள்ளமைக்கே உரியது. 5:75 வசனம் ஈஸாவும் அவர்களின் தாயும் உணவு உண்பவர்களாக இருந்தார்கள் என்று மிக எளிய சான்றை வைக்கிறது. உணவு உண்பவர் பசிப்பவர். பசிப்பவர் தன்னையன்றி வேறொன்றைச் சார்ந்தவர். "அது மனிதத் தன்மை உண்டது" என்று கிறிஸ்தவர் பதில் சொன்னால், அவருடைய சூத்திரப்படியே நாம் கேட்கலாம்: தன்மை உண்பதில்லை, ஆள்தான் உண்கிறார், தன்மை தொழுவதில்லை, ஆள்தான் தொழுகிறார். அந்த ஆள் யார் என்று கேட்டால், இறைமகன் என்கிறீர்கள். அப்படியானால் தேவையற்றவரே தேவையுள்ளவராகவும் இருந்தார் என்று ஒரே ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டி வருகிறது. பசித்தவரும் அழுதவரும் முகங்குப்புற விழுந்து வேண்டியவரும் அவரேதான்.

இறையன்பின் ஆழமே அதுதான், தேவையற்றவர் நமக்காகத் தேவையுள்ளவரானார் என்று கிறிஸ்தவர் பதில் சொல்வார். அவருக்கு அது விசுவாசத்தின் மையம். நமக்கோ, அல்லாஹ் அடியானை நெருங்க அடியானாக மாற வேண்டியதில்லை. பிடரி நரம்பை விடவும் அவன் நெருக்கமானவன் (50:16). அவன் தேவையுள்ளவனாக ஆவது அவன் தூய்மைக்கு ஒவ்வாதது. இங்கே இரண்டு மார்க்கங்களும் பிரிகின்றன. இரு தரப்பும் நேர்மையாகப் பேசினால் வந்து சேரும் கடைசிக் கல் இது.

நாம் தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

முதலாவது, "அவர்கள் மூன்று கடவுள் என்கிறார்கள்" என்று அவர்கள் சார்பில் நாமே சொல்வது. ஒரே கடவுள், மூன்று ஆள்கள் என்பது அவர்கள் கூற்று. அது தவ்ஹீதுக்கு ஒத்துவராது என்பது நம் தீர்ப்பு. கூற்றும் தீர்ப்பும் வேறு வேறு.

இரண்டாவது, "மகன்" என்பதை உடல் ரீதியான பிறப்பாகக் காட்டி ஏளனம் செய்வது. மர்யம் (அலை) கன்னியாகவே கருவுற்றார்கள் என்பதில் அவர்களும் நாமும் ஒன்றே. நம் ஏளனம் கடைசியில் யார் மீது போய் விழும் என்று யோசிக்க வேண்டும்.

மூன்றாவது, திரித்துவம் என்றால் தந்தை, மகன், மர்யம் என்று எண்ணுவது. 5:116 வசனம் ஈஸாவையும் அவர்களின் தாயையும் தெய்வங்களாக்குவதைக் கண்டிக்கிறது. மர்யமுக்கு வழிபாடு செலுத்தும் எவருக்கும் அந்த எச்சரிக்கை பொருந்தும். ஆனால் திரித்துவத்தின் மூன்றாவது ஆளாக அவர்கள் சொல்வது பரிசுத்த ஆவியை.

நான்காவது, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் சிலுவையையும் இயேசுவையும் கேலி செய்யும் படங்களைப் போடுவது. அல்லாஹ்வையன்றி அவர்கள் அழைப்பவற்றை ஏசாதீர்கள் என்று 6:108 தடுக்கிறது. அதிலும் இங்கே கேலிக்குள்ளாவது நாம் "அலைஹிஸ்ஸலாம்" சொல்லிக் கண்ணியப்படுத்தும் ஒரு ரசூலின் பெயர். அவர்களை இகழ்ந்தால் நம் ஈமானுக்கே ஆபத்து.

முன்னோர் காட்டிய வழி

நஜ்ரான் கிறிஸ்தவர்கள் மதீனாவுக்கு வந்து ஈஸா (அலை) பற்றியே நபி (ஸல்) அவர்களிடம் விவாதித்தார்கள். ஆலு இம்ரான் சூராவின் தொடக்கப் பகுதி அந்தச் சந்திப்பையொட்டி இறங்கியது என்பது விரிவுரையாளர்களின் கருத்து. மஸ்ஜிதுந் நபவியிலேயே அவர்கள் தங்கள் தொழுகையை நிறைவேற்ற விடப்பட்டார்கள் என்று இப்னு இஸ்ஹாக்கின் வரலாற்றில் வருகிறது. உடன்பாடு ஏற்படவில்லை. உடன்படிக்கை ஏற்பட்டது, பத்திரமாகத் திரும்பிப் போனார்கள்.

ராக்லண்ட் நம் பகுதியில் கூடாரம் அடித்த அதே 1854-இல், ஆக்ராவில் மௌலானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவி, ஜெர்மானிய மிஷனரி பாண்டருடன் பொது விவாதம் நடத்தினார்கள். அங்கே அவர்களுக்குக் கைகொடுத்தது உரத்த குரல் அல்ல. மருத்துவர் வஸீர் கான் இங்கிலாந்திலிருந்து கொண்டு வந்திருந்த ஐரோப்பிய பைபிள் ஆய்வு நூல்களை இருவரும் முன்கூட்டியே வாசித்திருந்தார்கள். எதிர்த்தரப்பு எதிர்பாராத அந்தத் தயாரிப்புதான் "இள்ஹாருல் ஹக்" என்ற நூலாகப் பின்னர் உலகெங்கும் பரவியது.

பெற்றோர்களே, நம் பிள்ளைகள் கிறிஸ்தவப் பிள்ளைகளுடன் ஒரே பெஞ்சில் அமர்ந்து படிக்கிறார்கள். கேள்விகள் வரத்தான் செய்யும். "அதெல்லாம் பேசாதே" என்று வாயடைத்தால் கேள்வி உள்ளேயே தங்கிவிடும். அரைகுறைப் பதில் கொடுத்து அனுப்பினால் அது அவர்களையே திகைக்க வைக்கும். சூரா இக்லாஸின் பொருளை வீட்டிலேயே சொல்லிக் கொடுங்கள். சூரா மர்யமின் முதல் பகுதியைப் பொருளுடன் ஓத வையுங்கள். மற்றவர் நம்பிக்கையை அவரிடமே கேட்டு, அவர் சொன்னபடியே திருப்பிச் சொல்லப் பழக்குங்கள்.

அந்த மாணவரிடம் அன்று நாம் சொன்னது இதுதான்: "நீ கேட்டது நல்ல கேள்விப்பா, ஆனா பாதியில நிறுத்திட்ட. தூங்குனாங்களான்னு கேக்காத, அத அவனும் ஒத்துக்கிறான். தேவையே இல்லாதவனுக்குத் தேவை வருமான்னு கேளு. அவன் சொல்ற பதில முழுசாக் கேளு. கேட்டுட்டு 'ஸமத்'ன்னா என்னன்னு நீ சொல்லு. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து சாப்பிடப் போங்க."

அடுத்த வாரம் வந்து சொன்னார்: "பேசினோம் ஹஜ்ரத். அவன் ஒத்துக்கல. ஆனா இதுவரைக்கும் யாரும் எங்க பக்கத்தச் சரியாச் சொல்லிட்டு மறுத்ததில்லன்னான்."

அந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் நம்மிடம் கேட்டதும் அதுதான். ஹிதாயத் கொடுப்பது அல்லாஹ்வின் கையில். உண்மையைத் திரிக்காமல் எடுத்துச் சொல்வது மட்டுமே நம் மீது கடமை. அழகிய முறையிலன்றி வேதக்காரர்களுடன் தர்க்கம் செய்யாதீர்கள் என்ற 29:46 வசனத்தின்படி நடக்கும் பாக்கியத்தை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.